அத்தை வீட்டில் காய்ந்த மண்

எங்கள் பெரியப்பா அறிவியல் வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மக்கள்தொகை பெருகப் பெருக விளைநிலம் எப்படித் துண்டாகிறது என்கிற பாடத்தை அவரைப் போல நடத்த ஆள் கிடையாது என்பார்கள். "ஜனம் பெருகும், மண் பெருகாது" என்று சொல்லி மேசையை ஒரு தட்டு தட்டுவாராம். பள்ளிக்கூடத்துச் சுவரில் சின்னக் குடும்பத்தின் பெருமையை நீலச் சாயத்தில் தன் கையாலேயே எழுதி வைத்தவர். அவருக்குப் பிள்ளைகள் ஆறு. ஆறாவது பிள்ளை பிறந்த வருஷம்தான் அந்த எழுத்து மங்கிவிட்டதென்று மறுபடி சாயம் பூசினார் என்று என் அம்மா சொல்வாள். ஊருக்குத்தானே உபதேசம்.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த சித்தப்பாவுக்கு ஐந்து. தாத்தா ஒற்றை ஆளாக வாங்கிய வயல் ஒன்றே ஒன்று. தச்சநல்லூருக்கு வடக்கே, கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல். காரும் பிசானமுமாக இரண்டு போகம் விளையும். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வயலைப் பார்க்கப் போனால், எல்லோரும் நிற்க வரப்பு போதாமல் சின்னதுகள் சேற்றில் நிற்கும்.

அந்த வயலில் இறங்கிப் பாடுபட்டவர் என் அப்பா ஒருவர்தான். மற்ற இரண்டு பேருக்கும் மூட்டை வீட்டுக்கு வந்தால் போதும். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. காலையில் வயலைப் பார்க்காவிட்டால் அவருக்கு அன்றைக்கு முழுவதும் யாரோடாவது சண்டை வரும். பெரும்பாலும் அம்மாவோடு.

தொண்ணூறுகளின் நடுவில் தச்சநல்லூரைச் சுற்றி வயல்களில் நாற்றுக்குப் பதிலாகக் கல் நட ஆரம்பித்தார்கள். மஞ்சள் அடித்த கல். அதற்கு முன்னால் ஒரு வளைவு, வளைவில் ஏதாவது ஒரு நகர். எங்கள் வயலுக்குத் தெற்கே இருந்த வயல் ஒரே கோடையில் நகராகிவிட்டது. மனை வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் செருப்புமாக எங்கள் வரப்பிலும் நடக்க ஆரம்பித்தார். அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து அப்பா சோறு தின்னாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவின் பையன்கள் பங்கைப் பிரித்துத் தரச் சொன்னார்கள். அவர்கள் கேட்டால் பெரியப்பாவின் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அப்பா தடுக்கவில்லை. பிரித்தாலும் அண்ணன் பங்கையும் தம்பி பங்கையும் அப்பாவே வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைக்கலாம் என்றுதான் பேச்சு. ஆனால் அவர்கள் என்றைக்கிருந்தாலும் விற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தனக்கென்று மிஞ்சும் துண்டு உழுகிற மாதிரி அகலமாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை.

பெரியப்பா விஞ்ஞான முறையில் பாகப்பிரிவினை செய்வதாக அறிவித்தார். திட்டம் இதுதான். கால்வாய் ஓரத்திலிருந்து வயலை மேல்துண்டு, நடுத்துண்டு, கீழ்த்துண்டு என்று மூன்றாகப் பிரிப்பது. மூன்றின் மண்ணையும் அரசாங்கப் பரிசோதனைக்கு அனுப்புவது. எந்தத் துண்டில் சத்து குறைவோ அதற்குப் பரப்பில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது. சத்து அதிகமான துண்டுக்குக் கொஞ்சம் குறைப்பது. கேட்பதற்கு அருமையாக இருந்தது. சித்தப்பா, "அண்ணன் தலையே தலை" என்றார்.

அந்தத் தலை செய்த முட்டாள்தனம் என்னவென்றால், எந்தத் துண்டு யாருக்கு என்று முதலிலேயே பிள்ளையார் முன்னால் சீட்டுக் குலுக்கிவிட்டதுதான். மேல்துண்டு பெரியப்பாவுக்கு, நடுத்துண்டு அப்பாவுக்கு, கீழ்த்துண்டு சித்தப்பாவுக்கு. சீட்டு விழுந்த நிமிஷத்திலிருந்து மூன்று பேருக்கும் தன் மண் மட்டும் மோசமான மண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பரிசோதனையை முதலில் செய்து சீட்டை அப்புறம் குலுக்கியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நாற்பது பேர் வகுப்பைக் கட்டி மேய்த்தவருக்குத் தன் கூடப்பிறந்த இரண்டு பேரை, அதைவிடத் தன்னையே, தெரியாமல் போயிற்று.

கார் அறுப்பு முடிந்து வயல் காலியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் எடுத்தோம். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட அசெம்பிளி நடத்துவது மாதிரி நடத்தினார். மேல் குப்பையை நீக்கு, மண்வெட்டியால் சரிவாக வெட்டு, ஓரத்து மண்ணை வழித்தெடு, பல இடத்து மண்ணையும் கலந்து நாலாகப் பகிர், எதிரெதிர்ப் பங்கைத் தள்ளு. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவர் மண் எடுக்கும்போது மற்ற இருவரும் அவர் கையையே பார்த்தார்கள். இதுவரை எல்லாம் நேர்மையாகத்தான் நடந்தது.

அடுத்து மண்ணை நிழலில் காயவைக்க வேண்டும். யார் வீட்டு நிழலில் என்பதில் பிரச்சினை வந்தது. யாரும் யாரையும் நம்பவில்லை, ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. கடைசியில் ஆழ்வார்குறிச்சியில் இருந்த அத்தை வீட்டில் காயட்டும் என்று முடிவாயிற்று. அத்தை இவர்கள் மூன்று பேருக்கும் மூத்தவள். மாமா இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. வயலில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதனால் அவள் வீட்டு நிழல்தான் யோக்கியமான நிழல்.

கொண்டுபோக வேண்டியவள் நான். அந்த வருஷம்தான் எனக்கு ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்து, அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். மூன்று துணிப்பைகளோடு செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பைக்குள் என்ன என்று கேட்டாள். மண் என்றேன். அவள் மூன்று பைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன், ஆழ்வார்குறிச்சியில் மண் கிடையாதா என்று கேட்டாள். சேரன்மகாதேவி வரைக்கும் விளக்கினேன். கடைசியில் அவள் என் சம்பளத்தை விசாரித்தாள்.

அத்தை வீட்டின் பின்பகுதியான ரெண்டாம் கட்டில் பழைய பேப்பரை விரித்து, மண்ணை மூன்று குவியலாகப் பரப்பி, குவியலுக்கு ஒரு சீட்டாக மேல், நடு, கீழ் என்று எழுதி வைத்தாள். பூனை வராமலிருக்கக் கதவைச் சாத்தினாள். பூனைக்கு எதிராகத்தான் அவளுக்கு யோசனை போயிற்று.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தம்பிமார் மூன்று பேர் இருந்தும் அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டு வருவது அண்ணன் தம்பிகளின் கடமை. முதலில் நேரில் கொண்டு வந்தார்கள். அப்புறம் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். பிறகு பஸ்ஸில் ஏற்றிவிட ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் கரும்பு மட்டும் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தது, அத்தை பஸ் ஸ்டாப்பில் நின்று கரும்பை இறக்கிக்கொண்டாள். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொருவரிடமும் சொல்வாள்.

மண் வந்த மூன்றாம் நாள் சித்தப்பா வந்து வாசலில் நின்றார். கையில் பெரிய எவர்சில்வர் தூக்குச்சட்டி. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி வந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதியை வைத்தாள், இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல் வேறு. தூக்குச்சட்டி எதற்கு என்று கேட்டதற்கு, சொதி மிச்சமிருந்தால் கொண்டுபோகத்தான் என்றார் சித்தப்பா. வெறும் சட்டியை எதற்கு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு ரெண்டாம் கட்டில் கொஞ்சம் தலைசாய்த்தார். அவர் போன பிறகு அங்கே நடந்தால் காலில் நறநறவென்றது. கீழ்த்துண்டுக் குவியல் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கொழுத்திருந்தது. அதன் உச்சியில் ஒரு சின்னக் கிளிஞ்சல். சித்தப்பா முந்தின வாரம்தான் ஒரு கல்யாணத்துக்கு அண்டா கொடுக்கப் புன்னக்காயலுக்குப் போயிருந்தார். தாமிரபரணி போய்க் கடலில் விழுகிற இடத்திலிருந்து மண்ணை எடுத்து, ஆற்றை எதிர்த்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சி வரைக்கும் சுமந்து வந்திருக்கிறார். அவர் கடையில் சின்ன வேலை சொன்னால்கூட இடுப்பு வலிக்கிறது என்பார்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா வந்தார். பரிசோதனைக்கு மண் பக்குவமாகக் காய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அத்தை மறுபடியும் சொதி வைத்தாள். என்னை வெற்றிலை வாங்க அனுப்பினார் பெரியப்பா. அவர் வெற்றிலை போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார், கழுவக் கழுவ வழுக்கியது. வீடெல்லாம் துணி வெளுக்கிற சோடா வாசம். அமிலத்தையும் காரத்தையும் அத்தனை வருஷம் நடத்தியவர், பாடத்தை வீணாக்கவில்லை.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த வாரம் எட்டாம் வகுப்பில் நானும் பெரியப்பாவின் பழைய மக்கள்தொகைப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஜனம் இரண்டு பங்காகிறது, நிலம் அப்படியே இருக்கிறது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். விளைச்சலைப் பெருக்க வேண்டும், மண்வளம் காக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "மாடி கட்டணும் டீச்சர்" என்றாள். எங்கள் குடும்பத்தில் கண்டுபிடித்த வழியைவிட அது தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வந்தார். அப்பாவைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்பா அதைச் செய்ய மாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொய் சொல்லவும் வராது. வந்ததும் வராததுமாக, தனக்கு இருமல் என்றும், மிளகு அரைக்க அம்மி வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, இருமக்கூட மறந்துவிட்டார். மடியில் பொட்டலம். அத்தை அடுப்படியில் சொதிக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். அம்மியில் கல் உப்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கூடத்தில் கேட்டது. நான் போய் நின்றபோது நடுத்துண்டு மண்ணைப் பைய விரலால் பிசைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, காய்ந்துவிட்டது அப்பா என்றேன்.

மறுநாள் அந்த அம்மியில் அரைத்த சட்னி வாயில் வைக்க முடியாமல் கரித்தது. வயசாகிவிட்டது, கைத்திட்டம் போய்விட்டது என்று அத்தை தன்னையே நொந்துகொண்டாள்.

நான் அத்தையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவள் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். ஒரே வாரத்தில் தம்பிமார் மூன்று பேரும் வந்து போய்விட்டார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கோயிலில், பால்காரரிடம் எல்லாம் அதுதான் பேச்சு. வயசாக ஆகக் கூடப்பிறந்தவள் ஞாபகம் வருது பாரு என்றாள் என்னிடம். தலைக்கு எண்ணெய் வைத்துப் பூவும் வைத்துக்கொண்டாள். அந்தப் பூவைப் பார்த்த பிறகு, கிளிஞ்சல் கதையை எந்த வாயால் சொல்வது?

மண்ணைப் பையில் கட்டி நானும் அத்தையும் திருநெல்வேலி மண் பரிசோதனை நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முடிவு ஒரு அட்டையில் பெரியப்பா வீட்டுக்குத் தபாலில் வந்தது. அதைப் படித்துச் சொல்ல எல்லோரையும் கூப்பிட்டார். அவர் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் இடமில்லாததால் கார் நெல் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்தோம். சித்தப்பா தன்னோடு அந்த வெள்ளைச் செருப்புப் புரோக்கரையும் கூட்டி வந்திருந்தார். சும்மா, துணைக்கு என்றார்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேல்துண்டு, களர்த்தன்மை (காரம்) மிக அதிகம். நடுத்துண்டு, உப்பு மிக அதிகம். கீழ்த்துண்டு, மணற்பாங்கு, கிளிஞ்சல் துண்டுகள் காணப்படுகின்றன. மூன்றுமே நெல் சாகுபடிக்கு ஏற்றவை அல்ல. அடியில் பரிசோதனை நிலையத்து அதிகாரி பேனாவால் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: இம்மூன்று மாதிரிகளும் ஒரே வயலைச் சேர்ந்தவைதானா?

கிளிஞ்சல் எப்படி வந்தது என்று என் அம்மா கேட்டாள். ஆதிகாலத்தில் தச்சநல்லூர் வரைக்கும் கடல் இருந்திருக்கலாம் என்றார் பெரியப்பா. மண்ணுக்கடியில் இப்படி எத்தனையோ அதிசயம் உண்டு என்று கொஞ்ச நேரம் பாடம் நடத்தினார். சித்தப்பாதான் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினார்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் வயலில் கால் வைத்தவர்கள் அல்ல. தன் மண்ணில் தான் போட்டது தெரியும், மற்ற இரண்டு மண்ணும் உண்மையிலேயே கெட்டுப்போய்விட்டது என்று இருவரும் நம்பினார்கள். பாவமாக அப்பாவைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் உப்பு மண்ணில் கிடந்து மாரடித்திருக்கிறாயே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சித்தப்பா அழாத குறையாகக் கேட்டார். விளைந்தது மண்ணால் இல்லை, உன் உழைப்பால்தான் என்றார் பெரியப்பா. இதை அவர் சொன்னது அந்த வயலில் விளைந்த நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு. இனிமேல் நீ கஷ்டப்பட வேண்டாம், மூன்று பங்கையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை.

அப்பாவுக்கு அந்த வயலின் ஒவ்வொரு சாணும் தெரியும். மூன்றும் ஒரே களிப்பான கரம்பை மண் என்று தெரியும். அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது என்று நான் கண்டுகொண்டேன். ஆனால் எப்படிச் சொல்வார்? அவர்கள் செய்ததைச் சொன்னால் தான் செய்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வயல் போய்விடும்.

புரோக்கர் அந்த அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். "இது ஒண்ணு போதும் அண்ணாச்சி. விளையாத நிலம்னு கவர்மெண்டுலயே எழுதிக் குடுத்துட்டாவ. மனை போட ஒரு தடங்கலும் வராது" என்றார். நகருக்குப் பேர்கூட யோசித்து வைத்திருந்தார். பையிலிருந்து எழுதி எடுத்து வந்த பத்திரத்தையும் எடுத்தார். தாத்தா சொத்தானபடியால் அத்தையும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்றவள்தானே, போட்டுவிடுவாள் என்பது எல்லோர் நினைப்பும். பெரியப்பா தன் பேனாவைத் திறந்து அத்தை கையில் கொடுத்தார்.

அத்தை பேனாவை வாங்கிக்கொண்டு அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஏலே, உனக்குச் சம்மதந்தானா?"

அப்பா மூட்டையிலிருந்து எழுந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அக்கா, அந்த உப்பு வயல் உப்பு இல்ல. நான் போட்ட உப்பு" என்றார்.

"எங்கன வச்சுப் போட்ட?"

"உன் வீட்டுலதான். அம்மி கேட்டம்லா, அன்னைக்கு."

 அந்தச் சட்னிக்கு நான் என் கையையில்லாடே ஏசுனேன் என்றாள் அத்தை முதலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பிறகு அத்தை மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினாள். தூக்குச்சட்டியிலயா என்று கேட்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பாவைக் கேட்கவே இல்லை, வெறுமனே பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சோடா கொஞ்சம்தான் போட்டேன் என்றார். கொஞ்சம் போட்டாலே காட்டிவிடும் என்று விளக்கம் வேறு.

 அத்தை பூ வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்போ ஒருத்தனும் என்னைப் பாக்க வரல. மண்ணுக்காகத்தான் வந்திய" என்றாள்.

இதைக் கத்திச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார்கள். சாதாரணமாகச் சொன்னாள். அப்பா அழுதுவிட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரியப்பா துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். சித்தப்பா நெல் மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். புரோக்கர் பத்திரத்தை மறுபடி நகர்த்தி வைத்து, குடும்பம்னா இதெல்லாம் சகஜம்தானே, கையெழுத்தைப் போடுங்க ஆச்சி என்றார்.

அத்தை பேனாவை மூடிப் பெரியப்பாவிடமே கொடுத்தாள். புரோக்கரை, போயிட்டு வாங்க அண்ணாச்சி என்று மரியாதையாக அனுப்பிவைத்தாள். அவர் வெள்ளைச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சோதனை செல்லாது" என்றாள் பிறகு. "திரும்ப மண்ணு எடுங்க. என் வீட்டுலதான் காயணும். நல்லாக் காஞ்ச பொறவு குடுத்து, என்ன வருதோ அதைப் பாத்துட்டுத்தான் என் கையெழுத்து. ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு நம்பிக்கை இல்லல்லா, அப்போ நீங்க மூணு பேரும் வந்துதான் ஆவணும். மண்ணுக்கு நான் காவல் இருக்க மாட்டேன். அதையும் சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மண் எடுத்தோம். மறுபடி நான்தான் பாசஞ்சரில் தூக்கிக்கொண்டு போனேன். மறுபடி ரெண்டாம் கட்டில் மூன்று குவியல். அப்பா பிசானத்துக்குச் சேறு கலக்கித் தொழி அடித்து நாற்றும் நட்டுவிட்டார். கையெழுத்து ஆகிறவரைக்கும் வயலைச் சும்மா போட முடியுமா என்று கேட்டார், யாரும் மறுக்கவில்லை.

தம்பிமார் வர ஆரம்பித்தார்கள். அப்பா வந்தால், இவன் என்ன செய்துவிட்டுப் போனானோ என்று அடுத்த வாரம் சித்தப்பா வருவார். சித்தப்பா வந்தது தெரிந்தால் பெரியப்பா வந்துவிடுவார். வருகிறவர் முதலில் நேரே மண்ணைப் போய்ப் பார்ப்பார். பிறகு சொதி சாப்பிடுவார். நாளாக ஆக முதலில் சொதி, அப்புறம் மண் என்று ஆயிற்று. சில நாள் மண்ணைப் பார்க்க மறந்தே போய்விடுவார்கள். சித்தப்பா ஒருமுறை அடுக்குச் சட்டி செட்டே கொண்டு வந்து கொடுத்தார். பெரியப்பா பொங்கல்படியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார், கரும்பும் அவரும் ஒரே சீட்டில்.

ஒன்றுதான் பெரியப்பாவுக்குப் பிடிபடவில்லை. மண் காய மாட்டேன் என்றது. விரலால் நசுக்கிப் பார்ப்பார், எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். ஈர மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கக் கூடாது. மலை பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம் என்று முதலில் சொன்னார். சித்திரையிலும் அப்படியே இருந்தபோது, கரம்பை மண்ணுக்கு ஈரம் பிடித்து வைக்கும் குணம் அதிகம் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் தினமும் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவாள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும். ரெண்டாம் கட்டுக் கதவைத் திறந்து, மேல், நடு, கீழ் என்று மூன்று குவியலுக்கும் ஒரு கை, ஒரு கை, ஒரு கை தெளித்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது பாரு" என்றாள்.

அத்தை இருந்தவரைக்கும் அந்த மண் காயவும் இல்லை, எங்கள் வயலில் யாரும் கல் நடவும் இல்லை.